அணையே இல்லாத நீர்மின் திட்டத்துக்கு ஏன் அவ்வளவு எதிர்ப்பு? பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்தது

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், பெரிய அணை எதுவும் கட்டாமல், மலை ஆற்று நீரைக் குழாயில் இறக்கி மின்சாரம் எடுத்துவிட்டு அதே நீரைத் திரும்பவும் ஆற்றிலேயே விடுகிற தனியார் திட்டங்களை அந்த ஊர் மக்கள் ஏன் அவ்வளவு கடுமையாக எதிர்த்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அது உண்மையான அக்கறையா, அல்லது "எங்கு வேண்டுமானாலும் வரட்டும், எங்கள் ஊர்ப் பக்கம் வரக்கூடாது" என்ற பிடிவாதமா என்பது உங்கள் ஐயம். இதற்குள் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. அத்தகைய திட்டத்தால் ஆற்றுக்குக் கேடு உண்டா என்பது ஒன்று. பொதுச் சொத்தான ஆற்றை யாருக்கு, எந்த நிபந்தனையில் கொடுப்பது என்பதை முடிவு செய்ய யாருக்கு உரிமை என்பது மற்றொன்று. நான் நீரியல் பொறியாளர். மலை ஆறுகளின் நீர்வரத்தைக் கணக்கிட்டு, ஒரு நிலையம் ஆண்டில் எவ்வளவு மின்சாரம் தரும் என்று மதிப்பிடுவது பல ஆண்டுகளாக என் தொழில். ஆகவே முதல் கேள்விக்குத் தொழில் முறையில் பதில் சொல்ல முடியும். இரண்டாவது பெரும்பாலும் சட்டமும் அரசியலும் சார்ந்தது. அதில் பொதுப் பதிவில் உள்ளவற்றை மட்டும் சொல்லி, என் கருத்தை என் கருத்தாகவே வைக்கிறேன்.

இத்தகைய நிலையத்தில் நீரைத் தேக்கி வைப்பதில்லை என்பது ஏறத்தாழ உண்மை. ஆற்றின் குறுக்கே ஒரு தாழ்ந்த தடுப்பணை இருக்கும். அங்கே நீர் உள்வாங்கப்பட்டு, குழாய் வழியாகவோ மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகவோ சில கிலோமீட்டர் கீழே உள்ள மின் நிலையத்துக்கு இறங்கும். விநாடிக்கு ஒரு கன மீட்டர் நீர் நூறு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், இழப்புகள் போக ஏறக்குறைய 850 கிலோவாட் கிடைக்கும். தேக்கம் இல்லாததால் பெரும் ஆதாயம் உயரத்திலிருந்துதான் கிடைத்தாக வேண்டும். அதனால்தான் இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் செங்குத்தாக இறங்கும் கடற்கரை மலை ஓடைகளையும் ஆறுகளையும் தேடிச் சென்றன. "எடுத்த நீரை ஆற்றிலேயே விடுகிறோம்" என்று நிறுவனங்கள் சொன்னது பொய்யன்று. ஆனால் எடுத்த இடத்துக்கும் விட்ட இடத்துக்கும் இடைப்பட்ட ஆற்றுப் பகுதியைப் பற்றி அந்த வாக்கியம் எதுவுமே சொல்லவில்லை. அந்தப் பகுதியில் ஆண்டின் பெரும்பகுதி உரிமத்தில் குறிப்பிட்ட குறைந்தபட்ச நீர் மட்டுமே ஓடும். நீர் குறைந்தால் ஆழமும் வேகமும் மாறும், கோடையில் வெப்பநிலை கூடும், பாறைகளில் வாழும் பூச்சியினங்கள் குறையும், அவற்றைத் தின்னும் மீன்களுக்கு இரை குறையும். இவை விவாதத்துக்கு இடமில்லாத இயற்பியலும் உயிரியலும். எவ்வளவு குறையும் என்பதுதான் ஆற்றுக்கு ஆறு மாறும்.

இங்கே திட்டங்களின் தரப்பில் ஒரு நியாயமும் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலை ஆறுகள் பலவற்றில் உயரமான அருவிகள் இருப்பதால், கடலிலிருந்து முட்டையிட ஏறி வரும் சால்மன் மீன்கள் அவற்றைத் தாண்டி மேலே போக முடியாது. தடுப்பணை அருவிக்கு மேலும் மின் நிலையம் அருவியை ஒட்டியும் அமைந்தால் சால்மன் இருக்கும் பகுதியில் நீர் குறைவதில்லை. நல்ல இடம், மோசமான இடம் என்ற வேறுபாடு இத்துறையில் உண்மையானது. எல்லாத் திட்டங்களையும் ஒரே தட்டில் வைத்தவர்கள் அதைக் கவனிக்கத் தவறினார்கள். ஆனால் அருவிக்கு மேலே மீனே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. புல் ட்ரவுட் போன்ற மீன்களும், குளிர்ந்த வேக நீரோடைகளில் மட்டுமே வாழும் வால் தவளையும் அங்கே உண்டு.

பொதுமக்கள் அதிகம் பேசாத, ஆனால் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அதிகம் அஞ்சுகிற கேடு வேறொன்று. மின் கம்பியில் ஏதோ கோளாறு என்று நிலையம் திடீரென நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் வந்த நீர் சட்டென்று நின்றுவிடும். தடுப்பணையில் வழிந்து பழைய ஆற்றுப்படுகை வழியாக வர வேண்டிய நீர் வந்து சேரப் பல நிமிடங்கள், சில இடங்களில் அதற்கும் மேலாகும். அந்த இடைவெளியில் நிலையத்துக்குக் கீழே நீர்மட்டம் விழுந்து, கரையோரக் கூழாங்கற்களுக்கிடையே ஒதுங்கியிருக்கும் மீன் குஞ்சுகள் வறண்ட கல்லில் அகப்பட்டுச் சாகும். இதனால்தான் குஞ்சுகள் இருக்கும் காலத்தில் நீர்மட்டம் மணிக்கு 2.5 சென்டிமீட்டருக்கு மேல் குறையக்கூடாது என்பது போன்ற வரம்புகள் பொதுவாக விதிக்கப்படுகின்றன. நீர்த்தாரை மோதிச் சுழன்று மின்சாரம் தரும் பெல்டன் வகைச் சுழலியில், அந்தத் தாரையைச் சுழலியிலிருந்து விலக்கித் திருப்பிவிட்டு நீரைத் தொடர்ந்து ஓடவிடலாம். பிற வகைகளில், சுழலிக்குள் போகாமல் நீரை வெளியே விடும் மாற்றுவழி வால்வு வைத்தால் சமாளிக்கலாம். அதற்குப் பணம் செலவாகும். ஸ்குவாமிஷுக்கு அருகிலுள்ள ஆஷ்லு நிலையம் 2009-இன் இறுதியில் இயங்கத் தொடங்கிய பிறகு, அங்கே நீர்மட்டம் திடீரெனக் குறைந்து மீன் குஞ்சுகள் கரையில் அகப்பட்ட நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. எதிர்ப்பாளர்கள் முன்கூட்டியே எச்சரித்தவற்றில் இது ஒன்று. அவர்கள் சொன்னது நடந்தது.

இனி ஐயத்துக்குரியது. ஒரு நிலையம் வந்ததால் அந்த ஆற்றில் மீன்கள் நீண்ட காலத்தில் எத்தனை விழுக்காடு குறைந்தன என்று திட்டவட்டமாகச் சொல்வது கடினம். திட்டத்துக்கு முந்தைய அளவீடுகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்கே எடுக்கப்படும்; சால்மன் வரத்தோ கடலின் நிலையைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு பல மடங்கு ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் நிலையத்தின் விளைவைப் பிரித்தெடுக்கப் பத்து ஆண்டுத் தரவு கூடச் சில சமயம் போதாது. "எந்தப் பாதிப்பும் இல்லை" என்று நிறுவன அறிக்கை சொன்னாலும், "ஆறு செத்துவிட்டது" என்று துண்டறிக்கை சொன்னாலும், இரண்டுமே தரவு அனுமதிக்கும் எல்லையைத் தாண்டியவை. ஒரே பள்ளத்தாக்கில் பல ஓடைகளில் பல நிலையங்கள் வரும்போது அவற்றின் கூட்டு விளைவு இன்னும் சிக்கலானது. அங்கே குறை அறிவியலில் மட்டுமன்று, ஏற்பாட்டிலேயே இருந்தது. 50 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்குத்தான் மாகாணத்தின் முழுச் சுற்றுச்சூழல் மதிப்பீடு கட்டாயம். ஆஷ்லு 49.9 மெகாவாட், ரதர்ஃபோர்ட் 49.9 மெகாவாட், குவோயெக் 49.9 மெகாவாட். இயற்கை இவ்வளவு துல்லியமாக 49.9-இல் வந்து நிற்காது என்பதைப் புரிந்துகொள்ளப் பொறியியல் படிப்பு தேவையில்லை. சிறிய திட்டங்களுக்கும் நீர் உரிமம், மீன்வளத் துறையின் அனுமதி போன்றவை இருந்தன. ஆனால் ஒரு வடிநிலத்தை முழுமையாக வைத்து, இதில் எத்தனை ஆறுகளைத் தொடலாம், எவற்றை விட்டுவிட வேண்டும் என்று முன்கூட்டியே திட்டமிட்ட ஏற்பாடு இருக்கவில்லை. எந்த ஆறு என்பதை விண்ணப்பித்த நிறுவனமே தேர்ந்தெடுத்தது.

அரசியல் பின்னணிக்கு வருகிறேன். அந்த மாகாணத்தில் 1961-இல் பிசி எலெக்ட்ரிக் என்ற தனியார் நிறுவனத்தை அரசு கையகப்படுத்தி, அதிலிருந்து பிசி ஹைட்ரோ என்ற அரசு நிறுவனம் உருவானது. பீஸ், கொலம்பியா ஆறுகளில் எழுந்த மாபெரும் அணைகளின் மலிவான மின்சாரம் மக்கள் தங்கள் சொத்தாகக் கருதிய ஒன்று. 2002-இல் மாகாண முதல்வர் கோர்டன் கேம்பலின் அரசு வெளியிட்ட எரிசக்தித் திட்டம், சில விதிவிலக்குகள் நீங்கலாக, புதிய உற்பத்தியைத் தனியாருக்கு ஒதுக்கியது. பிசி ஹைட்ரோ பழைய நிலையங்களை மேம்படுத்தலாம். புதியவற்றைத் தனியாரிடமிருந்து நீண்டகால ஒப்பந்தத்தில் வாங்க வேண்டும். அதன் பிறகு ஓடைகளுக்கான நீர் உரிம விண்ணப்பங்கள் நூற்றுக்கணக்கில் குவிந்தன. தங்கம் கிடைக்கிறது என்று கேட்டு மக்கள் படையெடுத்த காலத்தோடு பலர் இதை ஒப்பிட்டார்கள். அந்த ஒப்புமை மிகையன்று. பெரும்பாலான விண்ணப்பங்கள் எதுவும் கட்டாமலேயே காலாவதியாயின என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஊர் மக்களின் கோபம் திரண்ட இடம் ஆஷ்லு. துடுப்புப் படகு வீரர்களிடையே புகழ்பெற்ற ஆறு அது. 2005-இன் தொடக்கத்தில் ஸ்குவாமிஷ்–லில்லுவெட் வட்டார மாவட்ட மன்றம், நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதி மறுத்து வாக்களித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர் உறுப்பினர்கள், தங்களுக்குச் சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டு, விசாரணை நடத்தி எடுத்த முடிவு அது. அடுத்த ஆண்டு மாகாண அரசு 30-ஆம் எண் மசோதாவைக் கொண்டுவந்து, அரசு நிலத்தில் அமையும் இத்தகைய மின் திட்டங்களுக்கு உள்ளாட்சியின் நில வகைப்பாட்டு அதிகாரம் பொருந்தாது என்று ஆக்கிவிட்டது. ஆஷ்லு கட்டப்பட்டது. நகராட்சிகளின் ஒன்றியம் ஆட்சேபித்தது, பலனில்லை. மின்சாரம் மாகாணம் முழுமைக்கும் தேவை, ஒரு சிறு மன்றம் அதைத் தடுக்கலாமா என்ற அரசின் வாதத்தை நான் முழுமையாகத் தள்ளிவிட மாட்டேன். மின் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒவ்வோர் ஊரும் தடை போட முடியும் என்றால் எதையும் கட்ட முடியாது. ஆனால் ஒரு மன்றம் "இல்லை" என்று சொன்ன பிறகு, அந்தச் சொல்லுக்கிருந்த அதிகாரத்தையே பறித்தது வேறு வகைச் செயல். அதன் பிறகு எதிர்ப்பு எந்த ஆற்றில் எழுந்தாலும் அதில் இந்த மசோதாவின் நிழல் இருந்தது.

அதிகாரம் போன பின் மக்களிடம் எஞ்சியிருந்தது கூட்டமாகத் திரள்வது மட்டுமே. மேல் பிட் ஆற்றுத் திட்டத்துக்கு, பைன்கோன் பர்க் மாகாணப் பூங்காவின் எல்லையை மாற்றி அதன் வழியே மின் கம்பி கொண்டுபோக வேண்டியிருந்தது. 2008 மார்ச் 25 அன்று பிட் மெடோஸில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். மறுநாளே சுற்றுச்சூழல் அமைச்சர் பாரி பென்னர் எல்லை மாற்றத்தை நிராகரித்தார். 2009 ஜூனில், கூட்டனே பகுதியில் கிளேசியர், ஹவுசர் ஓடைகளுக்கான திட்டம் குறித்துக் காஸ்லோ என்ற சிற்றூரில் கூட்டம் நடந்தபோது, ஏறக்குறைய ஆயிரம் பேர் மட்டுமே வாழும் அந்த ஊரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். அந்தத் திட்டமும் பின்னர் கைவிடப்பட்டது. பியூட் நுழைகடலைச் சுற்றி 17 ஆறுகளைத் திருப்பி ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் எடுக்கும் பெருந்திட்டமும் நின்றுபோனது. ஆனால் அது நின்றதற்குக் கூட்டங்களை விட, பிசி ஹைட்ரோவின் கொள்முதல் ஒப்பந்தம் கிடைக்காததே நேரடிக் காரணம். எதிர்ப்பு வென்ற இடங்களை எண்ணும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்வது நல்லது. பூங்கா எல்லை போல, அமைச்சர் ஒருவர் கையெழுத்திட்டாக வேண்டிய ஒரு முடிச்சு இருந்த இடத்தில்தான் கூட்டத்தின் பலம் உடனடியாகப் பலித்தது.

என் தொழில் நேரடியாகத் தொடுகிற வாதத்துக்கு இப்போது வருகிறேன்; எதிர்ப்பாளர்களின் வாதங்களிலேயே இதுதான் வலிமையானது என்பது என் கருத்து. அந்த மலைகளில் பனி உருகி ஆறுகள் பெருகுவது மே முதல் ஜூலை வரை. தேக்கம் இல்லாத நிலையம் நீர் வரும்போது மட்டுமே ஓடும். ஆகவே ஆண்டு உற்பத்தியின் பெரும்பங்கு அந்த மாதங்களில்தான். ஆனால் அந்த மாகாணத்தின் மின் தேவை உச்சம் தொடுவதோ டிசம்பர், ஜனவரிக் குளிரில். அந்த நேரத்தில் உயரமான ஓடைகளில் பல உறைந்து, சொற்ப நீரே ஓடும். பனி உருகும் காலத்தில் பிசி ஹைட்ரோவின் சொந்த நீர்த்தேக்கங்களும் நிரம்பிக்கொண்டிருக்கும், எல்லைக்கு அப்பால் வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களின் கொலம்பியா ஆற்று அணைகளும் நிரம்பி வழியும். அப்போது அந்தச் சந்தையில் மின்சார விலை சரிந்து, சில மணி நேரங்களில் பூச்சியத்துக்கும் கீழே போனதுண்டு. தேவை இல்லாத நேரத்தில் வந்த மின்சாரத்துக்கும் நீண்டகால ஒப்பந்த விலையைப் பொது நிறுவனம் கொடுத்தாக வேண்டும். தன் அணைகளில் நீரை நிறுத்தி வைத்து, தனியார் மின்சாரத்தை உள்வாங்கிக்கொள்ளலாம் என்பது உண்மை. தேக்கங்களின் கொள்ளளவு அதற்கு ஓர் எல்லை வைக்கிறது என்பதும் உண்மை. எந்த ஓடையின் நீர்வரத்துப் படத்தைப் பார்த்தாலும் இது ஒரு பார்வையிலேயே தெரியும். 2009 ஜூலையில் மின்சாரம் போன்ற சேவைகளைக் கண்காணிக்கும் மாகாணத்தின் பயன்பாட்டுச் சேவை ஆணையம், பிசி ஹைட்ரோவின் நீண்டகாலக் கொள்முதல் திட்டம் பொதுநலனுக்கு உகந்ததாக நிறுவப்படவில்லை என்று ஏற்க மறுத்தது. 2010-இன் தூய எரிசக்திச் சட்டத்தின் மூலம் அரசு இத்தகைய முடிவுகள் பலவற்றை ஆணையத்தின் ஆய்வு வரம்பிலிருந்தே வெளியே எடுத்தது. உள்ளாட்சிக்கு நேர்ந்ததே ஆணையத்துக்கும் நேர்ந்தது.

இதில் எவ்வளவு பணம் போனது என்பது பற்றி ஓர் எச்சரிக்கை. 2019-இல், ஆட்சி மாறிய பின், புதிய அரசு கேட்டு வாங்கிய ஓர் ஆய்வறிக்கை, தனியார் ஒப்பந்தங்களால் இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 1,600 கோடி டாலர் கூடுதலாகச் செலவாகும் என்றது. அந்த எண் எங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அது ஒப்பந்த விலைக்கும் வெளிச் சந்தை விலைக்கும் உள்ள வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டது. புதிய நிலையம் ஒன்றை அரசே கட்டியிருந்தாலும் அதன் செலவு சந்தை விலையை விட அதிகமாகவே இருந்திருக்கும் என்று தனியார் தரப்பு மறுத்தது. அந்த மறுப்பில் பொருள் உண்டு. அரசே கட்டிய சைட் சி அணையின் மதிப்பீடு 1,600 கோடி டாலருக்கு ஏறி, பீஸ் ஆற்றின் எண்பது கிலோமீட்டருக்கு மேல் நீரில் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு, அரசு கட்டினாலே மலிவு, பசுமை என்ற நம்பிக்கை எளிதில் வராது. தேவைக்கு மிஞ்சி, தவறான பருவத்துக்கு, அதிக விலையில் வாங்கினார்கள் என்ற அளவில் எனக்கு ஐயமில்லை; தொகையைத்தான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். அதே 2019-இல் சிறு திட்டங்களிடமிருந்து வாங்கும் ஏற்பாடு காலவரையின்றி நிறுத்தி வைக்கப்பட்டது.

நீங்கள் கேட்ட "பிடிவாதம்" பற்றி. எதிர்த்தவர்கள் எல்லாரும் சொந்த நலன் எதுவும் இல்லாத தூயவர்கள் அல்லர். பிசி ஹைட்ரோ ஊழியர்களின் தொழிற்சங்கம் பிரசாரத்தில் முன்னணியில் இருந்தது. பொதுத்துறை வேலைகள் அதன் அக்கறை. படகு வீரர்களுக்கு ஆற்றின் வேகம் வேண்டும். சுற்றுச்சூழல் இயக்கத்துக்குள்ளேயே 2009 தேர்தலின்போது பிளவு வந்தது. காலநிலை மாற்றத்தை முதன்மையாகக் கருதியவர்கள் இத்திட்டங்களைப் பல இடங்களில் ஆதரித்தார்கள். எல்லாவற்றையும் விட, "உள்ளூர் மக்கள்" என்ற சொல்லுக்குள் யார் அடக்கம் என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஆஷ்லுவை வட்டார மாவட்டம் எதிர்த்தது; ஆனால் அந்நிலத்தின் ஆதிக்குடிகளான ஸ்குவாமிஷ் மக்களின் ஆட்சிமன்றம் நிறுவனத்தோடு உடன்பாடு செய்துகொண்டு ஆதரித்தது. லிட்டனுக்கு அருகிலுள்ள குவோயெக் நிலையத்தில் கனாக்கா பார் ஆதிக்குடிச் சமூகம் பங்காளி. வான்கூவர் தீவின் கோகிஷ் ஆற்றில் நம்கிஸ் ஆதிக்குடியினர் பங்குதாரர். அதே ஆற்றில் ஸ்டீல்ஹெட் மீன்களுக்காகத் தூண்டில்காரர்கள் எதிர்த்தார்கள். பெரிய அணைகளின் காலத்தில் ஒரு சொல்லும் கேட்கப்படாமல் நிலத்தையும் மீனையும் இழந்த சமூகங்கள், முதன்முறையாக வருமானத்தில் பங்கு கிடைத்தபோது அதை ஏற்றதை வெளியிலிருந்து குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் குடியேறியவர்கள் "எங்கள் ஆறு" என்று முழங்கிய கூட்டங்களில் இந்தக் குரல் பெரும்பாலும் கேட்கவில்லை.

எதிர்ப்புப் பிரசாரத்தில் மிகையானதும் இருந்தது. "ஆறுகள் விற்கப்பட்டுவிட்டன" என்றார்கள். நீர் மாகாணத்தின் உடைமை. நிறுவனம் பெறுவது மின் உற்பத்திக்கான உரிமம், அதற்கு 40 ஆண்டு உச்சவரம்பு உண்டு, ஆண்டு வாடகையும் உண்டு. அது விற்பனையன்று. ஆனால் மின் கொள்முதல் ஒப்பந்தம் முடிந்த பின்னும் நிலையமும், புதுப்பிக்கத்தக்க உரிமமும் நிறுவனத்திடமே இருக்கும். இருபது முப்பது ஆண்டுகள் மக்களின் கட்டணத்தால் கடன் அடைக்கப்பட்ட ஒரு நிலையம் மக்களுக்கு வந்து சேராது. முழக்கம் தவறு, அதன் அடியில் இருந்த மனக்குறை சரியானது. அந்த நிலையங்களின் ஒப்பந்தங்கள் இப்போது ஒவ்வொன்றாக முடிவுக்கு வரத் தொடங்கியுள்ளன, புதுப்பிக்கும்போது என்ன விலை என்பது நடப்புக் கேள்வி.

ஆகவே என் பதில்: ஆற்றுக்கான கேடு உண்மை, ஆனால் இடத்தைப் பொறுத்தது, சில நிலையங்கள் அங்கே இருப்பதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. மக்களின் எதிர்ப்பை வளர்த்தது தடுப்பணையோ குழாயோ அன்று. எந்த ஆறு என்பதை நிறுவனம் தேர்ந்தெடுத்து, எவ்வளவு வாங்குவது என்பதை அமைச்சரவை தீர்மானித்து, "இல்லை" என்று சொல்லக்கூடிய மன்றத்தையும் ஆணையத்தையும் ஒவ்வொன்றாக வழியிலிருந்து விலக்கிய முறை. எந்த ஊரிலாவது இத்தகைய திட்டம் வந்து, நீங்கள் அதைப் பற்றி ஒரு முடிவுக்கு வர வேண்டியிருந்தால், நான்கு காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள்: மாதவாரி நீர்வரத்தும் மாதவாரி மின் தேவையும் ஒரே தாளில், நீர் திருப்பப்படும் பகுதியின் நீளமும் அதில் விடப்படும் குறைந்தபட்ச நீரும், நிலையம் திடீரென நின்றால் நீர்மட்டத்தைத் தாங்க என்ன ஏற்பாடு என்பது, ஒப்பந்தமும் உரிமமும் முடிந்த பின் நிலையம் யாருக்கு என்ற பத்தி. முதலாவதைத் தயாரிப்பது ஒரு நாள் வேலை. அதைத் தர முடியாது என்று சொல்லும் நிறுவனத்திடம் மற்ற மூன்றையும் கேட்பதற்கு முன், ஏன் தர முடியாது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.